நீரிழிவில் சிறுநீரகமும் காவற்கலங்களும்

எங்கள் உம்மம்மாவுக்கு நீரிழிவு இருப்பது புத்தளத்தில் இருந்த காலத்திலேயே தெரியவந்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அங்கே போனவர், பல வருடங்களின் பின் சோனகதெருவுக்குத் திரும்பியபோது மாத்திரைப் பையும் கூடவே வந்தது. சென்ற வருடம் கிளினிக்கில் சிறுநீரைப் பரிசோதித்து, அல்புமின் போகிறது என்றார்கள். "எனக்கு ஒரு நோவும் இல்லையே மகள், பிறகென்ன பழுது?" என்று என்னிடம் கேட்டார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பேத்திக்கு எல்லாம் தெரியும் என்பது அவரது நம்பிக்கை. எனக்கோ அன்று பதில் தெரியவில்லை.

தேடிப் படித்தபோதுதான், வேறு வேறு அலகுகளில் படித்த சிறுநீரகமும் நிர்ப்பீடனமும் ஓரிடத்தில் சந்திப்பதைக் கண்டேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கலன்கோளம் என்ற நுண்ணிய குருதிக்குழாய் முடிச்சு இருக்கிறது. நம் வீட்டு அரிதட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் திரவம் இதனூடாக வடிகிறது. நீரும் உப்பும் குளுக்கோசும் இறங்கும், அல்புமின் போன்ற பெரிய புரதம் மேலே நின்றுவிடும். அல்புமின் சிறுநீரில் வருகிறதென்றால் அரிதட்டின் கண்கள் கிழியத் தொடங்கிவிட்டன என்பது பொருள். நீரிழிவாளரின் கலன்கோளத்தில் கணுக்கள் போன்ற தடிப்புகள் இருப்பதைக் கிம்மெல்ஸ்ரீல், வில்சன் என்ற இருவர் 1936இலேயே விபரித்திருந்தார்கள்.

நெடுங்காலம் சீனியும் குருதியமுக்கமுமே இதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. அது பிழையல்ல, ஆனால் கதை அதோடு முடியவில்லை. மிகைக் குளுக்கோசால் வருந்தும் சிறுநீரகக் கலங்கள் எம்.சி.பி-1 என்ற புரதத்தை வெளிவிடுகின்றன. அது ஓர் அபாய அழைப்பு. குருதியில் செல்லும் மொனோசைற்று என்ற வெண்குழியங்கள் அதைக் கேட்டுச் சிறுநீரகத்தினுள் நுழைந்து, பெருந்தின்குழியங்களாக மாறுகின்றன. கிருமியை விழுங்கும் இத்தகைய கலங்களை 1882இல் நட்சத்திரமீன் குடம்பியில் கண்டவர் மெச்னிகோவ். அதற்காக 1908இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் இங்கே விழுங்கக் கிருமி ஏது? கள்வன் இல்லாத வீட்டுக்குக் காவலுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாமல் கதவை உடைப்பதுபோல, இவை அழற்சிப் பொருட்களைச் சுரந்து அயற்கலங்களைப் புண்படுத்துகின்றன. புண் ஆற நார் படிகிறது. சீனி குறையாதவரை அழைப்பும் ஓய்வதில்லை. மேலும் புண், மேலும் நார். முதலில் கிழிந்த அரிதட்டு கடைசியில் சீமெந்து பூசியதுபோல் அடைபட்டுவிடும். இவ்வளவும் நோவில்லாமலே நடக்கிறது. உம்மம்மாவின் கேள்விக்கு விடை இதுதான்.

எம்.சி.பி-1 இல்லாத எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்கிப் பார்த்தபோது சிறுநீரகச் சேதம் குறைவாகவே இருந்தது. அப்படியானால் இந்தக் கலங்களை முழுதாக அடக்கிவிடலாமே என்று நானும் நினைத்தேன். முடியாது. காசத்தை எதிர்ப்பவையும் இவைதாம், சிலவகை புண்ணை ஆற்றவும் உதவுகின்றன. அழற்சியைத் தணிக்கும் என எதிர்பார்த்த பார்டொக்சலோன் என்ற மருந்தின் பெரிய பரிசோதனை, இதயச் செயலிழப்பு அதிகரித்ததால் 2012இல் நிறுத்தப்பட்டது. அழற்சியையும் நார் படிவதையும் குறைக்கும் பினெரெனோன் ஓரளவு நம்பிக்கை தந்தது. சிறுநீரகம் பழுதடையும் வேகத்தை அது குறைப்பதாக 2020இல் முடிவுகள் வெளியாயின. அதற்கும் குருதியில் பொற்றாசியத்தைக் கவனித்துவர வேண்டும்.

பெற்றோர் ஒன்றைக் கேட்டு வையுங்கள். குருதியில் கிரியாற்றினின் கூடித் தெரியும்போது சிறுநீரகத்தின் கணிசமான பங்கு போயிருக்கும். சிறுநீர் அல்புமின் அதற்கு முன்பே சொல்லிவிடும். கிரியாற்றினின் 1 கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவாளர் ஆண்டுதோறும் இதைப் பார்க்க வேண்டும். முழங்கால் நோவுக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனக் போன்ற குளிசைகளும் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. உம்மம்மாவின் தலையணைக்கடியில் அதில் இரண்டு அட்டைகள் இருந்தன!

அவரது பெரிய கவலை நோன்பு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறதே என்றாலும் மனம் கேட்கவில்லை. றமழானுக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் கேட்போம் என்று உம்மா சமாதானம் சொல்லி, நாட்காட்டியில் அந்தத் திகதியைச் சிவப்பு மையால் வளைத்து வைத்திருக்கிறார். அன்று கூடப் போவது நான்தான்.