பவளம் கொண்டு வந்தவர்கள்

கேள்வி: எங்கள் சாந்தோமில் போர்ச்சுகீசியர் இருந்தது தெரியும். யூதர்களும் சென்னைக்குக் குடிவந்தார்களாமே?
– வாசகி, சாந்தோம்

பதில்: வந்தார்கள். போர்ச்சுகலில் மத விசாரணைக்குத் தப்பி லண்டன் சேர்ந்த மரபினர் சிலர், 1680-களில் சென்னையின் கோட்டைப் பட்டணத்தில் குடியேறினர். மத்தியதரைக் கடல் பவளத்தை இறக்கி, கோல்கொண்டா வைரம் வாங்கி அனுப்பினர். புது ஊரில் பிழைப்பு கைவசம் இருந்தது, பேச்சுக்கும் பஞ்சமில்லை. அவர்கள் அறிந்த போர்ச்சுகீசியம்தான் அன்று இந்தக் கடற்கரையின் வியாபார மொழி.

1688-இல் மாநகராட்சி அமைந்தபோது மன்றத்தில் யூத வணிகர்களுக்கும் இடம் கிடைத்தது. ஐரோப்பாவில் பல ஊர்களில் நினைத்தும் பார்க்க முடியாத மரியாதை அது! பிரேசிலில் வைரம் கிடைத்தபின் தொழில் தளர்ந்தது, சமூகமும் சுருங்கியது. ஆனாலும் அவர்களின் தடம் மறையவில்லை. ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே, லாயிட்ஸ் ரோட்டு யூத இடுகாட்டில் எபிரேய எழுத்து பொறித்த கல்லறைகள் உள்ளன. அவசியம் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு.