உள்ளம் திறக்கும் உரையாடல் விளையாட்டுகள்

பசி எடுத்தால் குழந்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. ஆனால் அச்சமோ பொறாமையோ ஏமாற்றமோ உள்ளத்தை வாட்டும்போது அதற்குச் சொல் கிடைப்பதில்லை. சொல் கிடைக்காத துயரம் வேறு வழி தேடுகிறது. தேர்வு நாள் காலையில் வயிற்று வலியாக வருகிறது. தம்பியின் முதுகில் அடியாக விழுகிறது. சில வேளைகளில் நீண்ட மௌனமாகிவிடுகிறது. அப்போது நாம் கூறுவது என்ன? "அழாதே", "பெண்பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது" என்பவையே. இதனால் கோபம் மறைவதில்லை. அதை மறைத்துவைக்கவே குழந்தை கற்றுக்கொள்கிறது.

உணர்ச்சி பாவமன்று. லாசரின் கல்லறைக்குச் செல்லும்போது இயேசு கண்ணீர் விட்டார். கோவிலைச் சந்தையாக்கியவர்களை விரட்டினார். ஜெத்சமனித் தோட்டத்தில் தம் துயரத்தைச் சீடரிடம் மறைக்காமல் சொன்னார். தொல்காப்பியரும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தார். அழுகையும் வெகுளியும் உவகையோடு ஒரே வரிசையில் நிற்பதை நாம் கவனிக்க வேண்டும்.

உணர்ச்சிக்குப் பெயரிடுவதால் பயன் உண்டா? 2007-இல் அமெரிக்க உளவியலார் மத்தேயு லீபர்மனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கோபமும் அச்சமும் காட்டும் முகங்களின் படங்களைப் பார்த்தவர்கள், அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் கிளர்ச்சி குறைந்ததாம். துன்பத்தைச் சொன்னால் மனப்பாரம் குறையும் என்று நம் பாட்டிமார் கூறுவதும் இதுதானே!

"என்ன நடந்தது, சொல்" என்று அதட்டிக் கேட்டால் குழந்தையின் வாய் மூடிக்கொள்ளும். விளையாட்டிலோ எல்லாருக்கும் முறை வருகிறது, அச்சம் அகல்கிறது. வீட்டிலும் வகுப்பிலும் ஆடத்தக்க மூன்று விளையாட்டுகளைக் காண்போம்.

1. எட்டுச் சீட்டு: எட்டு மெய்ப்பாடுகளையும் எளிய சொற்களில் சீட்டுகளில் எழுதிக் குலுக்க வேண்டும். எடுத்தவர் அவ்வுணர்ச்சி தமக்கு எப்போது வந்தது, உடலில் எங்கே தெரிந்தது என்று கூற வேண்டும். நெஞ்சு படபடத்ததா, தொண்டை அடைத்ததா எனக் கண்டுகொள்ளும் குழந்தை, மறுமுறை கோபம் வரும்போதே அதை அறிந்துகொள்ளும்.

2. பொம்மை பேசுகிறது: தன்னைப் பற்றிப் பேசத் தயங்கும் சிறு குழந்தைக்கு இது ஏற்றது. "இந்தப் பொம்மை பள்ளிக்குப் போக மறுக்கிறது, ஏனோ?" என்று கேட்டால், பொம்மையின் வாயால் குழந்தையின் மனம் பேசும்.

3. கோபப் படிக்கட்டு: தரையில் பத்துப் படிகள் வரைந்து, இன்றைய கோபம் எந்தப் படியில் நிற்கிறது எனக் கேட்க வேண்டும். ஒரு படி இறங்க என்ன செய்யலாம் என்று அனைவரும் வழி சொல்லலாம்: தண்ணீர் குடித்தல், மெதுவாக மூச்சு விடுதல், சற்று விலகி நிற்றல், சிறு செபம் சொல்லுதல்.

ஆட்டத்தின் விதிகள் சில. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது, கேலி செய்யலாகாது. சொல்ல விரும்பாதவர் தம் முறையை விட்டுவிடலாம். பெரியவர்களும் விளையாட வேண்டும். "இன்று எனக்கும் கவலையாக இருந்தது" என்று தாய் கூறினால், மகளுக்குத் துணிவு பிறக்கும். கோபப்படலாம், ஆனால் அடிக்கலாகாது என்ற எல்லையையும் தெளிவாகக் கூற வேண்டும். பெற்றோர்களே, விளையாட்டில் சொன்னதை வைத்துப் பிறகு குழந்தையைக் கண்டிக்காதீர்கள். ஒருமுறை கண்டித்தால் அக்கதவு மீண்டும் திறப்பது அரிது.

ஒன்றை மட்டும் மறைத்துவைக்கலாகாது. யாரேனும் தனக்குத் தீங்கு செய்வதாகக் குழந்தை கூறினால், அதை நம்பி உடனே செயல்பட வேண்டும். இந்தியாவில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பொழுது சாயுமுன் சினம் தணிய வேண்டும் என்பது புனித சின்னப்பர் எபேசியருக்குக் கூறிய அறிவுரை. இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் போதும். தங்கையிடமும் தோழியிடமும் இன்றே விளையாடத் தொடங்குவோம். பேசுபவர் மட்டுமல்ல, பொறுமையாகக் கேட்பவரும் அன்பில் வளர்வர்.