பொறி புகுந்த தமிழெழுத்து

பேசிய சொல் பேசியவுடன் மறையும். எழுதிய சொல் எழுதியவர் மறைந்த பின்னும் நிற்கும். ஆதலின், எழுதும் கருவி மாறுந்தோறும் ஒரு மொழியினர் தம் எழுத்தைப் புதிய கருவியில் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். ஏற்றத் தவறின், அக்கருவி வழங்கும் இடங்களில் அம்மொழிக்கு இடமில்லாது போகும். கல், செப்பேடு, ஓலை, தாள் எனப் பலவற்றில் ஏறி வந்த தமிழெழுத்து, கணிப்பொறியில் ஏறிய வகையினை இப்பாடத்திற் காண்போம்.

1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூல் தமிழ் அச்செழுத்துகளால் அச்சாயிற்று. பின்னர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் ஒன்று அமைந்தது. அதற்குரிய தமிழ் எழுத்துகள் செருமனி நாட்டு ஆலே நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. அவை அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர். வேற்றிடத்தில் ஆக்கிய ஒன்றை நம் இடத்திற்கேற்பத் திருத்திக்கொள்ளும் இத்தகைய பணியே கணிப்பொறியுலகிலும் நடைபெறுகின்றது.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆகவே, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ‘யூனிகோடு’ என்னும் ஒருங்குறி முறை 1991இல் வெளிவந்தது. அதன்கண் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. நம் எழுத்துகளோ 247. இவை யாவற்றுக்கும் தனித்தனி எண் இல்லை. உயிரெழுத்துகளுக்கும், ஆய்தத்துக்கும், அகரமேறிய மெய்களுக்கும், புள்ளிக்கும், கால், கொம்பு முதலிய துணைக்குறிகளுக்குமே எண்கள் உண்டு. மற்றவை இவற்றின் சேர்க்கையாற் பிறக்கும். மாங்காடு என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது நான்கெழுத்து. பொறிக்கோ ம, கால், ங, புள்ளி, க, கால், ட, உகரக்குறி என எட்டு எண்கள்.

இனி, அதன் அண்மையிலுள்ள போரூரைக் காண்க. ‘போ’ என எழுதும்போது இரட்டைக்கொம்பினை முதலிலும், பகரத்தை இடையிலும், காலை இறுதியிலும் இடுகிறோம். பொறியின் நினைவகத்திலோ பகரம் முன்னும் ஓகாரக்குறி பின்னும் நிற்கின்றன. இம்முறை பிழையாமோ? அன்று. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் முதலாய இலக்கணங்கள் கூறும் முறையே. எனவே, பொறி ஒலிமுறைப்படி எழுத்தைச் சேமிக்கின்றது. நாமோ வழிவழி வந்த வடிவமுறைப்படி அதனைப் படிக்கின்றோம். இவ்விரண்டையும் இணைக்க ஒரு பாலம் வேண்டும்.

அப்பாலமாய் விளங்குவன இருவகை மென்பொருள்கள். பழைய அச்சுக்கூடத்தில் எழுத்தை வார்ப்பவர் ஒருவர். வார்த்த எழுத்தை எடுத்து வரிசையாக அடுக்கும் அச்சுக்கோப்பாளர் மற்றொருவர். கணிப்பொறியில் வார்ப்பவர் பணியைச் செய்வது ‘ஃபிரீடைப்’ என்னும் மென்பொருள். டேவிட் டர்னர் என்பார் 1996இல் இதனைத் தொடங்கினார். எழுத்துருவில் வளைகோடுகளாய் உள்ள வடிவத்தை இது திரையின் புள்ளிகளாக மாற்றித் தரும். கோப்பவர் பணியைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’. ஈரானிற் பிறந்த பெஃதாத் எஸ்ஃபாபோத் என்னும் பொறிஞர் இதனை வளர்த்தவருள் முதன்மையானவர். எவ்வெண்ணுக்கு எவ்வடிவம், எது முன், எது பின் என்பவற்றை இதுவே முடிவு செய்யும். ரகரமும் ஊகாரக்குறியும் அடுத்து வரின் ‘ரூ’ என்னும் ஒரே வடிவத்தை எடுப்பதும் இதன் தொழிலே. இவ்விரு மென்பொருள்களையும் எவரும் விலையின்றி எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம்.

கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆள்வது இயக்கமுறைமை. உலகெங்கும் பரவிய இயக்கமுறைமைகள் சில. சிறு வட்டத்தில் வழங்குவன பல. ஓர் இயக்கமுறைமைக்கென எழுதிய மென்பொருளை மற்றொன்றில் இயங்குமாறு அமைப்பதே பெயர்த்தமைத்தல். ஃபிரீடைப்பை ஆக்கியோர் இதனை முன்னரே எண்ணி, நினைவகத்தில் இடம் கேட்டல், கோப்பினைத் திறத்தல் போன்ற இயக்கமுறைமையைச் சார்ந்த பகுதிகளைத் தனியே பிரித்து வைத்தனர். பெயர்த்தமைப்போர் அச்சிறு பகுதியை மாற்றினாற் போதும். ஏனையது பெரும்பாலும் மாறாது. 2001இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘ஹைக்கூ’ என்னும் இயக்கமுறைமையும் எழுத்து வரைதற்கு ஃபிரீடைப்பையே கொண்டது.

ஆயினும், வார்ப்பவரை மட்டும் அழைத்துவந்து கோப்பவரை விட்டுவிடின் என்னாகும்? எண்கள் நின்ற வரிசையிலேயே வடிவங்களும் நிற்கும். ‘பெயர்’ என்னும் சொல் ‘பயெர்’ எனத் தோன்றும்! ஆங்கிலத்திற்கு இக்குறை தெரியாது, தமிழுக்கோ பெருந்தீங்காகும். நிலப் பத்திரத்திலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒருவர் பெயர் இங்ஙனம் சிதைந்து நின்றால் விளையும் இடர் சிறிதோ? ‘தமிழில் எழுதினால் பொறி குழப்புகிறது’ என்று மக்கள் வேற்றெழுத்தை நாடுவர். மொழி பின்தங்கியதன்று, கருவி நிரம்பாதது. ஆயினும் பழி மொழியின்மேல் விழும்.

கோப்பவர் வந்துவிட்டாலும் பணி முடிவதில்லை. ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்னும் எண்ணத்தில் அமைந்த இயக்கமுறைமையின் பிற பகுதிகளையும் திருத்தல் வேண்டும். திரையிலுள்ள இடங்காட்டி ‘போ’ என்னும் எழுத்தைக் கடக்கையில் கொம்புக்கும் பகரத்துக்கும் நடுவே நின்றுவிடலாகாது. ஓரெழுத்தாகவே கடத்தல் வேண்டும். வரி முடியுமிடத்தில் எழுத்தும் அதன் குறியும் பிரிதல் கூடாது. இவையெல்லாம் பொறுமையோடு செய்யத்தக்க பணிகள்.

நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. அரசின் சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இயக்கமுறைமை 2007இல் வெளிவந்தது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் இயங்குமாறு அமைந்த அது, ‘டெபியன்’ என்னும் லினக்சு வகையை அடிப்படையாகக் கொண்டது. முன்னோர் இட்ட அடித்தளத்தின்மேல் எழுப்பியதால், எல்லாவற்றையும் புதிதாய்த் தொடங்கும் தேவை அதற்கு ஏற்படவில்லை.

மாணவர்களே! பெயர்த்தமைக்கும் பொறிஞர் எந்நாட்டினராயினும் ஆகுக. அவர் அமைத்தது சரியா, தவறா என்று கூறவல்லவர் தமிழ் படித்தவரே. 247 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் இட்டு, கொம்பு இடம் மாறியதா, புள்ளி தன் இடத்தில் நின்றதா, உகர ஊகார வடிவங்கள் முப்பத்தாறும் பிழையின்றி வந்தனவா என்று நோக்குதற்குக் கூரிய கண்ணும் இலக்கண அறிவும் வேண்டும். பொறியியல் கற்போர் இலக்கணத்தையும், இலக்கணம் கற்போர் பொறியியலையும் அயலென ஒதுக்குதல் கூடாது. இரண்டும் கைகோத்த இடத்தில்தான் தமிழெழுத்துத் திரையில் பிழையின்றி நிற்கும்.