முகத்துக்கு வெளிச்சம் கொடுங்கள்: செல்பி எடுக்கும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

"மாமா, இந்தப் போன்ல முன் கமரா சரியில்ல. முகம் கலங்கித் தெரியுது, கறுப்பா விழுது. வேற போன் வாங்கணுமா?" பலாங்கொடை டவுனுக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. படம் எடுத்துப் பிழைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பெரும்பாலும் குறை போனில் இல்லை. வெளிச்சம், தூரம், போன் தானாகச் செய்யும் ஒப்பனை, இந்த மூன்றும்தான் படத்தைக் கெடுக்கின்றன. மூன்றையும் காசு செலவில்லாமல் சரிசெய்யலாம். ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

1. முதலில் கண்ணாடியைத் துடையுங்கள்.

முன் கமராவின் கண் மிளகு அளவுதான் இருக்கும். காதில் வைத்துப் பேசும்போது கன்னத்து எண்ணெயும் வியர்வையும் அதன்மேல்தான் படிகின்றன. அடுப்படியில் வைத்த போனில் புகையும் சேரும். படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளிறியிருந்தால், பல்பைச் சுற்றி வளையம் தெரிந்தால், அழுக்கு என்று அறிந்துகொள்ளுங்கள். வாயால் ஊதி ஈரமாக்கி, பழைய பருத்தித் துணியின் சுத்தமான மூலையால் மெதுவாகத் துடையுங்கள். திரைமேல் ஒட்டிய கண்ணாடி கமராவையும் மூடியிருந்தால், அந்த இடத்தில் கீறலோ தூசியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மாற்றினாலே போதும். மலையில் பனிமூட்டம் இறங்கும் நேரம் கண்ணாடி வேர்க்கும்; இரண்டு நிமிடம் பொறுத்துத் துடைத்துவிட்டு எடுங்கள்.

2. முன் கமரா எதற்கு வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1999இல் ஜப்பானில் கியோசெரா வெளியிட்ட விபி-210 என்ற போனில் முகத்தைப் பார்த்தபடி ஒரு கமரா இருந்தது. முகம் பார்த்துப் பேசுவதற்காக வந்த கமரா அது. 2010இல் வந்த ஐபோன் 4இன் முன் கமராகூட 640க்கு 480 புள்ளிகள்தான், சுமார் 3 இலட்சம். இன்று எத்தனையோ மடங்கு வளர்ந்துவிட்டாலும், விலை குறைந்த போன்களில் முன் கமராவின் சென்சர் பின் கமராவினதைவிடச் சிறியது. சிறிய சென்சர் குறைந்த ஒளியையே வாங்கும். ஒளி போதாதபோது போன் தன் உணர்திறனைக் கூட்டும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தூவல் விழும். அதை மறைக்க போனே படத்தை வழித்துவிடும். அப்போது புருவமும் முடியும் மெழுகுபோல ஒட்டிக்கொள்ளும். நீங்கள் "கலங்கல்" என்று சொல்வது இதைத்தான். அதற்கு மருந்து வெளிச்சம்.

3. இஸ்தோப்பின் விளிம்பில் வெளியே பார்த்து நில்லுங்கள்.

லயத்துக் காம்பராவுக்குள் ஒரு பல்பின் கீழ் நின்று எடுத்துவிட்டு போனைத் திட்டாதீர்கள். இரண்டு எட்டு வைத்து இஸ்தோப்புக்கு வாருங்கள். கூரை மேல் வெயிலை மறைக்கிறது; முன்பக்கம் திறந்திருக்கிறது; வானத்து ஒளி பரவலாக முகத்தில் விழுகிறது. பணம் கொடுத்துக் கட்டிய ஸ்டூடியோவில் நாங்கள் உண்டாக்கப் பாடுபடும் ஒளி இதுதான். முகத்தைச் சற்றே ஒரு பக்கம் திருப்புங்கள். ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மறு கன்னம் மெல்லிய நிழலாகவும் வரும்போதுதான் முகத்துக்கு உருவம் வரும்.

இந்த ஒளியின் அருமை தெரிந்த ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே உறங்குகிறார். பலாங்கொடையிலிருந்து பின்னவலை வழியாக மலையேறும் பாதை பொகவந்தலாவையில் போய் இறங்கும். அங்கே சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில்தான் கமராவைக் கையில் எடுத்து, உலகப் புகழ்பெற்ற முகப்படக் கலைஞர் ஆனவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார்; 1879 ஜனவரியில் இறந்தார். இங்கிலாந்தில் கோழிக்கூடாக இருந்த கண்ணாடிக் கொட்டிலை ஸ்டூடியோவாக்கி, வேண்டாத பக்கங்களை மறைத்து, வேண்டிய பக்கத்து ஒளியை மட்டும் முகத்தில் விழவைத்தவர் அவர். அவருடைய கமராவில் பொத்தானும் இல்லை, பில்டரும் இல்லை; ஈரமான இரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு மட்டும்தான். அப்படி எடுத்த முகங்களை ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் உலகம் வியந்து பார்க்கிறது. கருவி சிறியது என்று கவலைப்படும் பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள்.

4. உச்சிவெயிலில் எடுக்காதீர்கள்.

நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்குமேல் நிற்கும். சித்திரைப் புத்தாண்டுக்குப் புதுத்துணி உடுத்தி எல்லோரும் படம் எடுப்பதும் அதே நாட்களில்தான். கண்குழிகள் கறுத்து, மூக்கு நிழல் உதட்டில் விழுந்து, நெற்றி மட்டும் மின்னும். காலை எட்டரைக்கு முன்போ மாலை நாலரைக்குப் பின்போ எடுங்கள். மழை விட்டு மேகம் மூடியிருக்கும் நேரம் இன்னும் நல்லது; வானம் முழுவதுமே பெரிய விளக்காகிவிடும்.

பகலில்தான் எடுக்க வேண்டும் என்றால் நிழலுக்குள் போங்கள். வெள்ளை உரப்பை ஒன்றைக் கழுவிக் காயவைத்து, நெஞ்சுக்குக் கீழே, படத்தில் விழாதபடி யாரையாவது விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கீழிருந்து எழும்பும் ஒளி கண்ணுக்கடியில் உள்ள கறுப்பை நீக்கும். கண்ணில் ஒரு சிறு மினுக்கம் வரும். நீலமோ பச்சையோ அடித்த சுவரை ஒட்டி நிற்காதீர்கள். அந்த நிறம் கன்னத்தில் ஏறும்.

5. வானத்துக்கு முதுகு காட்டாதீர்கள்.

மலை முகட்டில் நின்று, பின்னால் வெள்ளை வானம் தெரிய எடுத்தால் முகம் கரியாக விழும். போன் கட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரு சராசரி வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. பின்னால் பளிச்சென்று இருந்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அப்படியே திரும்பி, தேயிலைச் செடியும் நிழல் மரமும் பின்னால் வரும்படி நில்லுங்கள். வானம் வேண்டும் என்றால் திரையில் உங்கள் முகத்தைத் தொடுங்கள். பக்கத்தில் சூரியன் போன்ற ஓர் அடையாளம் வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். எச்டிஆர் என்ற வசதி இருந்தால் போட்டு வையுங்கள்.

6. போனை முகத்துக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள்.

"என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். மூக்கில் குறையில்லை, தூரத்தில்தான் குறை. 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது: ஒன்றரை மீற்றர் தூரத்தில் எடுப்பதைவிட 30 சென்ரிமீற்றர் தூரத்தில் எடுத்தால் மூக்கு ஏறக்குறைய 30 வீதம் அகலமாகத் தெரியும். கமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு, தள்ளி இருப்பது காது. அதனால் வரும் மாயம் அது. பல போன்களில் முன் கமராவின் குவியம் கை நீளத் தூரத்துக்கென்று நிலையாக வைக்கப்பட்டது. அதைவிடக் கிட்டே வந்தால் முகம் தெளியவே தெளியாது. கையை முழுவதும் நீட்டி, கண் மட்டத்துக்குச் சற்று மேலே பிடியுங்கள். சுற்றியிருப்பதைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். விரலால் பெரிதாக்கி எடுக்காதீர்கள், தெளிவு போய்விடும்.

7. பின் கமராவையும் பழகுங்கள்.

நல்ல படம் வேண்டும் என்றால் போனைத் திருப்பி, திண்ணையிலோ கல்லிலோ சாய்த்து வைத்து, பத்து வினாடி டைமர் போட்டு, ஒன்றரை மீற்றர் தள்ளிப்போய் நில்லுங்கள். கை நடுக்கமும் இல்லை, மூக்கு வீக்கமும் இல்லை. நிற்கும் இடத்தில் முதலில் ஒரு தம்பியை நிறுத்தி, அவன் முகத்தைத் திரையில் தொட்டுக் குவியத்தைச் சரிபாருங்கள். பிறகு அவன் இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள்.

8. இரவில் பல்புக்குக் கிட்டே வாருங்கள்.

பல்புக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் பாதியானால், முகத்தில் விழும் ஒளி ஏறக்குறைய நாலு மடங்காகும். ஆனால் பல்பு தலைக்கு நேர்மேலே இருக்கக் கூடாது. முன்னால், சற்றுப் பக்கமாக இருக்கட்டும். பின்சுவரில் பல்பு எரிந்தால் அணைத்துவிடுங்கள். படத்தில் வரிவரியாகக் கோடு ஓடினால் அது பல்பின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்ஈடி வினாடிக்கு 100 தடவை மினுங்கும். வேறு பல்பில் எடுத்துப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் திரையையே வெள்ளையாக ஒளிரச் செய்யும் முன் பிளாஷைப் போட்டு, மூச்சடக்கி அசையாமல் இருங்கள்.

9. உங்கள் நிறத்தை மாற்றாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன். பல போன்கள் நீங்கள் கேட்காமலே 'பியூட்டி' என்ற வசதியைத் திறந்து வைத்திருக்கின்றன. அது தோலை வழித்து, நிறத்தை வெளிறவைத்து, தாடையைச் சுருக்குகிறது. தெளிவு குறைந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். செட்டிங்கில் போய் எல்லாவற்றையும் பூச்சியமாக்கிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கறுப்புத் தோலில் குறை என்று நினைக்கும் பிள்ளைகள் ஒரு வரலாற்றை அறிய வேண்டும். கலர் பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் கடைகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அதை 'ஷேர்லி கார்ட்' என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் சேறாக விழுவதாகச் சொன்னவர்களுக்கு நெடுங்காலம் செவிசாய்க்கவில்லை. சொக்லேட் விளம்பரமும் மரத்தளபாட விளம்பரமும் சரியாக வரவில்லை என்று வியாபாரிகள் முறையிட்ட பிறகுதான் பிலிம் திருந்தியது. 2022இல்தான் எலிஸ் மங்க் என்ற ஆய்வாளர் வகுத்த பத்துத் தோல்நிற அளவுகோலை கூகுள் வெளியிட்டது. ஆகவே பிழை கருவியைச் செய்தவர்களிடம்; உங்கள் தோலில் இல்லை. மலையில் வெயிலும் மழையும் வாங்கி உழைக்கும் அம்மாவின் முகத்தை வெளுக்கவைத்து எடுத்தால் அது அவர் முகமே இல்லை. கறுத்த முகத்துக்குப் பரவலான ஒளி கொடுத்து, பின்னணியை அளவான நிறத்தில் வையுங்கள். பளபளவென்று எவ்வளவு அழகாக வரும் என்று பாருங்கள்.

10. அனுப்பும்போது கெடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எச்டி என்ற தெரிவை அழுத்தி அனுப்புங்கள், அல்லது டொகியுமெண்ட்டாக அனுப்புங்கள். மெகாபிக்சலுக்கு மயங்காதீர்கள்: நாலுக்கு ஆறு அங்குலப் பிரின்டுக்கு 1200க்கு 1800 புள்ளிகள், அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும். அடையாள அட்டைக்கு மட்டும் செல்பி உதவாது. ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும்.

11. படத்துக்காக உயிரையும் மானத்தையும் பணயம் வைக்காதீர்கள்.

பம்பரகந்தை நீர்வீழ்ச்சி 263 மீற்றர் உயரம், இலங்கையிலேயே உயர்ந்தது. அருவிப் பாறையில் பாசி வழுக்கும், மேலே பெய்த மழை கீழே சொல்லாமல் வரும். திரையைப் பார்த்தபடி ஓர் அடிகூடப் பின்னால் வைக்காதீர்கள். வீட்டுக்குள் எடுத்த படத்தை முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பாதீர்கள். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பயந்து ஒளிக்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கள்: சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938.

12. பெயரையும் நாளையும் எழுதி வையுங்கள்.

கமரோன் அம்மையார் களுத்துறைப் பக்கத்தில் எடுத்த உழைப்பாளிகளின் படங்களில் பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை. கூடையோடு நிற்கும் நம் பாட்டிகள் பழைய தபாலட்டைகளில் வெறும் கொழுந்து பறிப்பவர்கள்தான். நம்மை யாரோ எடுத்தார்கள், யாரோ விற்றார்கள். இன்று கமரா நம் கையில் இருக்கிறது. படத்தில் நிற்பவர் பெயர், தோட்டம், திகதி மூன்றையும் சேர்த்தே சேமியுங்கள். தாத்தா பாட்டியைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, இஸ்தோப்பில் அமர்த்தி எடுங்கள்.

13. புதுப் போனுக்குக் கடன் வாங்குமுன் ஒரு வாரம் பொறுங்கள்.

அந்த ஒரு வாரம் கண்ணாடியைத் துடைத்து, பியூட்டியை அணைத்து, மாலை ஐந்து மணிக்கு இஸ்தோப்பில் நின்று, கையை முழுவதும் நீட்டி எடுங்கள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் போனைப் பழுதுபார்க்கக் கொடுங்கள். தெளிந்துவிட்டால், கடனும் இல்லை, வட்டியும் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததைத் தம்பி தங்கச்சிக்கும் சொல்லிக்கொடுங்கள்.