பாடம் 7: தாண்டிய உயரம்

சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலை தருமபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர் ஆகிய ஊர்களைக் கடந்து, அத்திபெலே வழியாகக் கர்நாடகத்துள் நுழைகிறது. வேலை தேடியும் கல்வி நாடியும் தமிழர் பலர் இவ்வழியே வந்துள்ளனர். அச்சாலையின் ஒரு முனையிலுள்ள சேலம் மாவட்டத்தில் பிறந்து, மறுமுனையிலுள்ள பெங்களூரில் பயிற்சி பெற்று, உலகப் புகழ் எய்தியவர் மாரியப்பன் தங்கவேலு.

மாரியப்பன் 1995ஆம் ஆண்டு பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து சென்றபோது பேருந்து மோதியது. அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழ் நசுங்கியது. தாய் சரோஜா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டுதலில் ஈடுபடுத்தினார். பதினான்கு வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். பின்னர்ப் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரது திறமையைக் கண்டறிந்தார். 2015ஆம் ஆண்டு பெங்களூருக்கு அழைத்துவந்து பயிற்சி அளித்தார்.

2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே.

ஐந்தாண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் போட்டி நடந்தபோது மழை பெய்தது. குறையுற்ற காலில் அணிந்திருந்த காலுறை நனைந்துவிட்டதால் தாண்டுவது கடினமாயிற்று. ஆயினும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். 2024ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டி மீண்டும் தங்கம் பெற்றார். அவ்வாண்டே பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று.

தங்கம் வெள்ளியாயிற்று, வெள்ளி வெண்கலமாயிற்று. எனினும் அவர் களத்தைவிட்டு விலகவில்லை. ஒருமுறை வெல்வதற்குத் திறமை போதும். மீண்டும் மீண்டும் களமிறங்குவதற்கு விடாமுயற்சி வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

எய்தியவர் – அடைந்தவர்
நாடி – விரும்பித் தேடி
காலுறை – காலில் அணியும் துணியுறை
விடாமுயற்சி – இடையில் கைவிடாத உழைப்பு

பயிற்சி

அ. பொருத்துக.
1. ரியோ – 1.85 மீட்டர்
2. டோக்கியோ – 1.88 மீட்டர்
3. கோபே – 1.89 மீட்டர்
4. பாரிஸ் – 1.86 மீட்டர்

ஆ. விடை எழுதுக.
1. மாரியப்பனின் கால் எவ்வாறு பாதிக்கப்பட்டது?
2. டோக்கியோ போட்டியில் அவருக்கு நேர்ந்த இடையூறு யாது?
3. ரியோவில் பெற்ற தங்கம், பாரிஸில் பெற்ற வெண்கலம் ஆகிய இரண்டில் எது அவரது விடாமுயற்சியை மிகுதியாகக் காட்டுகிறது? காரணம் தருக.

இ. பிரித்து எழுதுக.
1. அச்சாலை
2. வலக்கால்
3. சிற்றூர்

ஈ. செயல்பாடு
உம் குடும்பத்தார் எவ்வூரிலிருந்து, எதற்காக இங்கு வந்தனர்? பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டு அறிந்து, ஐந்து வரிகளில் எழுதுக.