பழைய மும்பைச் சாலை

புனேயிலிருந்து மும்பைக்குச் செல்ல இன்று இரண்டு சாலைகள் உள்ளன. 2002ஆம் ஆண்டில் முழுமை பெற்ற விரைவுச்சாலையில் செல்வோர் ஊர்களைக் காண்பதில்லை. பெயர்ப் பலகைகளை மட்டுமே காண்கின்றனர். பழைய சாலையோ ஊர் ஊராக நுழைந்து செல்வது. மழைக்காலத்தில் அதன் இருபுறமும் நெல்வயல்கள் பசுமை பூத்திருக்கும். தொலைவில் சஹ்யாத்ரி மலைமுகடுகள் மேகத்தில் மறைந்து தோன்றும். அவ்வழி நெடுக ஆங்கிலேயர் காலச் சுவடுகள் பல உள்ளன. ஆனால் எவருடைய பெயர் எங்கே நிலைத்திருக்கிறது என்பதே அவ்வழியில் காணத்தக்க வியப்பு.

முதலில் வருவது கட்கி. 1817ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கு நடந்த போரில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை, ஆங்கிலேயக் கும்பினிப் படையிடம் தோற்றது. மறு ஆண்டே பேஷ்வா ஆட்சி முடிவுற்றது. போர் நடந்த ஊர் படைவீரர் குடியிருப்பாக மாறியது. 1869இல் வெடிபொருள் தொழிற்சாலையும் தோன்றியது. கட்கியிலும், அதனையடுத்துப் படைக்கலக் கிடங்குகள் அமைந்த தேஹு ரோட்டிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. லோணாவளா செல்லும் உள்ளூர்த் தொடர்வண்டியில் இவ்விரு ஊர்களிலும் தமிழ்ப் பேச்சைக் கேட்கலாம்.

தளேகாவைக் கடந்தால் வட்காவ். கட்கிப் போருக்கு 38 ஆண்டுகள் முன்னதாக, இங்கு நிகழ்ந்த கதை நேர்மாறானது. ரகுநாதராவைப் பேஷ்வா ஆக்கும் நோக்குடன் பம்பாயிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை, 1779 ஜனவரியில் மலையேறி வந்தது. மராத்தியர் எதிரிக்கு உணவு கிடைக்காதவாறு தளேகாவுக்குத் தாமே தீ வைத்துவிட்டு விலகினர். பசியால் தளர்ந்த ஆங்கிலேயர் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு இரவோடிரவாகப் பின்வாங்கினர். வட்காவில் அவர்களை மகாதஜி சிந்தியாவின் படை சூழ்ந்தது. வேறு வழியின்றி அவர்கள் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர்.

அப்படையெடுப்பில் கேப்டன் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி கார்லாவுக்கு அருகில் உயிரிழந்தார். அவருடைய துணிவைக் கண்ட மராத்தியர் அவரை 'இஷ்டூர் பாக்டா' என்று அழைத்தனர். 'இஷ்டூர்' என்பது ஸ்டூவர்ட் என்பதன் மராத்திய ஒலிப்பு. 'பாக்டா' என்றால் மிடுக்கான வீரன். வட்காவில் அவர் நினைவிடத்தை ஊரார் இன்றும் வணங்குகின்றனர். தம் மண்ணின் மீது படையெடுத்து வந்தவனுக்கு மாலையிடும் ஊர் அது! போரில் வென்றவர்களுக்கே இத்தகைய பெருந்தன்மை எளிது என்று கூறுவோரும் இருக்கலாம்.

இச்சாலையை வெள்ளையர் கண்டுபிடித்ததாக எண்ணுவது பிழை. கார்லாவின் குடைவரைப் பௌத்தப் பள்ளி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. கடற்கரைத் துறைமுகங்களுக்குச் சென்ற வணிகர்கள் அன்றே இம்மலை வழியே நடந்தனர். கொடை அளித்தோரின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. வாயில் அமைத்த தச்சன் ஒருவனின் பெயரும் அவற்றுள் ஒன்று.

லோணாவளாவையும் கண்டாளாவையும் தாண்டியதும் நிலம் சரேலெனச் சரிகிறது. இதுவே போர்காட் கணவாய். (தமிழில் 'போர்' என்னும் சொல்லுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.) ஆளுநர் ஜான் மால்கம் காலத்தில், 1830இல், வண்டிகள் செல்லத்தக்க சாலை இங்குத் திறக்கப்பட்டது. இருப்புப்பாதை அமைப்பதோ அதனினும் கடினமாயிற்று. 1856இல் தொடங்கிய பணி 1863இல்தான் முடிந்தது. ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல், 1859இல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் பின்வாங்காமல் பொறியாளர்களை அமர்த்திப் பணியை நடத்தினார். ஒரு கட்டத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் பாறை பிளந்தனர்; பலர் காலராவுக்குப் பலியாயினர். ஆலிஸின் பெயரை நூல்கள் கூறுகின்றன. கூடை சுமந்தவர்களின் பெயர்களைக் கூறும் நூல் இல்லை. கார்லாத் தச்சன் பேறு பெற்றவன்!

அவர்களுக்காக ஒரே ஒரு பெயரை மக்கள் காத்து வருகின்றனர். பழைய சாலையின் வளைவொன்றில் சிங்ரோபா கோயில் உள்ளது. வழி தெரியாது திகைத்த ஆங்கிலேயருக்கு, தன் ஆடுகள் ஏறிச்செல்லும் தடத்தைக் காட்டியவன் சிங்ரோபா என்னும் இடையன். "என்ன பரிசு வேண்டும்?" என்று அவர்கள் கேட்க, "என் நாட்டை விட்டுச் செல்லுங்கள்" என்றானாம். அதற்காகச் சுடப்பட்டான் என்பது செவிவழிக் கதை. சான்று கேட்போருக்குக் காட்ட ஏடு இல்லை, கோயில் இருக்கிறது. சுமையுந்து ஓட்டுநர்கள் அங்கு வணங்கிய பின்னரே கணவாயில் இறங்குகின்றனர்.

1830இல் இக்கணவாயில் கட்டப்பட்ட கற்பாலம் ஒன்றும் இருந்தது. அதன் அருகே தலைவலித் தைல விளம்பரம் ஒன்று நெடுங்காலம் நின்றமையால், மக்கள் அதனை 'அம்ருதாஞ்சன் பாலம்' என்றனர். அத்தைலம் 1893இல் மும்பையில் பிறந்து 1914இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. தமிழ் வீடுகளில் அதனை அறியாத பாட்டி இல்லை. போக்குவரத்திற்கு இடையூறாக இருந்த அப்பாலம் 2020 ஏப்ரலில் தகர்க்கப்பட்டது. பாலம் இல்லாத அவ்விடத்தை மக்கள் இன்றும் அம்ருதாஞ்சன் பாலம் என்றே சுட்டுகின்றனர்.

சொற்பொருள்: கும்பினி – கிழக்கிந்திய வணிக நிறுவனம், குடைவரை – பாறையைக் குடைந்து அமைத்த கோயில் அல்லது மண்டபம், இருப்புப்பாதை – தொடர்வண்டிப் பாதை.

பயிற்சி

1. வட்காவ் மக்கள் ஸ்டூவர்ட்டை வணங்குவது ஏன்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

2. "கார்லாத் தச்சன் பேறு பெற்றவன்" – இவ்வாறு கூறப்படுவதன் காரணத்தை விளக்குக.

3. உம் குடும்பத்தில் முதன்முதலில் புனேக்கு வந்தவர் யார்? எந்த ஆண்டு, எவ்வழியாக, என்ன பணிக்கு வந்தார்? வீட்டில் கேட்டறிந்து எழுதுக.