கடுதாசிக்கு மட்டுமல்ல, கோப்புக்கும் பூட்டு வேண்டும்

தகரப்பெட்டிக்குள்ளே துணியில் சுற்றி வைத்திருக்கும் கடுதாசிகளின் பெறுமதி தோட்டத்து மக்களாகிய நமக்கு நன்றாகத் தெரியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. அதனாலேதான் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் சேமலாப நிதிக் கடுதாசிகளையும் கண்போலக் காக்கிறோம்.

இன்று அதே கடுதாசிகள் நம் போனிலும், டவுன் கொமியூனிகேஷன் கடைக் கணினியிலும் கோப்பாகக் கிடக்கின்றன. பிறர் கையில் சிக்கினால் நம் பெயரில் சிம் எடுக்கலாம், கடன் கேட்கலாம். பெட்டிக்குப் பூட்டுப் போடுகிற நாம் கோப்பை மட்டும் திறந்து போடலாமா?

பூட்டு இரண்டு வகை

முதலாவது, திறக்கும் பூட்டு. கடவுச்சொல் கொடுத்ததும் கணினி கோப்பிலுள்ள எல்லாவற்றையும் யாருக்கும் விளங்காதபடி மாற்றி வைத்துவிடும். சொல் தெரிந்தவருக்கே அது திறக்கும்.

இரண்டாவது, அனுமதிப் பூட்டு. இதில் பார்க்கலாம், ஆனால் திருத்தவோ அச்செடுக்கவோ முடியாது. சங்கக் கணக்கு, மரண உதவிச் சங்கப் பெயர்ப்பட்டியல் போன்றவற்றுக்கு இது உதவும். ஆனால் பி.டி.எப். கோப்பில் இந்தத் தடையைச் சில மென்பொருட்கள் மதிப்பதில்லை. ஆகவே அந்தரங்கமான கடுதாசிக்குத் திறக்கும் பூட்டே வேண்டும்.

செய்யும் முறை

1. கணினியில் வேர்டைத் திறந்து, கடுதாசியின் படத்தை அதில் சேருங்கள்.
2. பைல், இன்போ, புரொடெக்ட் டொகியுமென்ட், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று வரிசையாக அழுத்துங்கள்.
3. கடவுச்சொல்லை இரண்டு தரம் அடித்து, கோப்பைச் சேமியுங்கள்.
4. மூடித் திறந்து பாருங்கள். சொல்லைக் கேட்டால் பூட்டு விழுந்துவிட்டது.

கூகுள் டிரைவில் பகிரும்போது, 'லிங்க் உள்ள எவரும்' என்பதை விடுத்து, உரியவரின் மின்னஞ்சலை மட்டும் சேருங்கள். பார்ப்பவர், கருத்துச் சொல்பவர், திருத்துபவர் என மூன்று அனுமதிகள் உண்டு. பார்த்தால் போதுமென்றால் 'பார்ப்பவர்' அனுமதியை மட்டும் கொடுங்கள்.

எந்தச் சொல் நல்லது?

பிறந்த திகதி வேண்டவே வேண்டாம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அட்டையைக் கண்டவர் திகதியையும் கண்டவர்தான்! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்.

கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினால் கடவுச்சொல்லை அதே இடத்தில் எழுதாதீர்கள். போன் எடுத்து வாயால் சொல்லுங்கள்.

கடையில் அச்செடுத்த பின் கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பைக் கடைக் கணினியில் திறந்திருந்தால் வெளியேறிவிட்டே வாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கடவுச்சொல் மறந்துபோனால் வேர்டைச் செய்த மைக்ரோசொப்ட் கம்பனியாலும் அதை மீட்டுத் தர முடியாது. சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, மூலப் பத்திரங்களோடு அதே தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கிற பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கோப்பையாவது பூட்டிப் பார்ப்போம்.